டொமைன் மாற்றத்தில் வரும் உறுதிப்படுத்தல் மெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் கம்பெனி, பம்ப்செட் பட்டறை, மஞ்சள் மண்டி, கரூர்ப் பக்கம் பெட்ஷீட் ஏற்றுமதி என்று எங்கள் வாடிக்கையாளர்களின் தொழில் வேறு வேறு. டொமைனை, அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் வைத்திருக்கும் இணையப் பெயரை, ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எல்லோரும் வந்து நிற்கும் இடம் மட்டும் ஒன்றுதான்: அந்த உறுதிப்படுத்தல் மெயில். போனில் கேட்கப்படும் கேள்விகளை, கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறோம். நாங்கள் ஐகான் (டொமைன் விதிகளை வகுக்கும் உலக அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஒரு பதிவு நிறுவனத்தின் கீழ், அதன் சேவையை வாங்கி விற்கும் ரீசெல்லர். கீழே உள்ள பதில்கள் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் வகைக்கானவை. டாட் இன் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கேள்வி உண்டு.

ஏனுங்க, டொமைனை மாத்தறதுன்னா என்னதுங்க மாறுது?

வருடாவருடம் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பதிவைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் மாறுகிறது, அவ்வளவுதான். பெயரும் மாறாது, உரிமையாளரும் மாற மாட்டார்.

செல்போன் நம்பரை போர்ட் செய்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பி யுபிசி என்ற போர்ட்டிங் கோடை வாங்கி, அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுக்கிறோம். டொமைனில் அந்த யுபிசியின் இடத்தில் இருப்பது ஆத் கோட் என்ற ரகசியக் குறியீடு. பழைய இடத்தில், மாற்றத்தைத் தடுக்கப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, ஆத் கோடை வாங்கி, புது இடத்தில் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். டாட் காம் பெயர்கள் எல்லாவற்றுக்கும் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற நிறுவனம். புது நிறுவனத்தின் கோரிக்கை அங்கே போகும், அங்கிருந்து பழைய நிறுவனத்துக்குத் தகவல் வரும். அதன்பின் பழைய நிறுவனம் உங்களுக்கு அனுப்புவதுதான் உறுதிப்படுத்தல் மெயில்.

கோடு குடுத்தாச்சு. பொறவு எதுக்குங்க இன்னொரு மெயில்?

கோடு கையில் இருப்பவர் எல்லாம் உரிமையாளர் இல்லை என்பதால். கோடு வாட்ஸ்அப்பில் பறக்கிறது, ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, வேலையை விட்டுப் போன பையனின் போனில் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கிறது. அதை வைத்து யாரோ மாற்றத்தைத் தொடங்கினால் உங்கள் காதுக்கு விஷயம் எட்ட வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முன்பு இரண்டு கடிதம் வரும். புது நிறுவனம் ஒன்று அனுப்பும், பழைய நிறுவனம் ஒன்று அனுப்பும். 2018 மே 25 அன்று ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. பொதுவில் எல்லோரும் பார்க்கும்படி இருந்த உரிமையாளர் மெயில் முகவரிகள் மறைக்கப்பட்டன. முகவரியே தெரியாத புது நிறுவனம் யாருக்கு அனுப்பும்? அதனால் ஐகான் அந்தக் கடிதத்தைத் தளர்த்திவிட்டது. இப்போது நடைமுறையில் மிஞ்சியிருப்பது பழைய நிறுவனம் அனுப்பும் கடிதம்தான். எங்களை விட்டு வேறு இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் அதை அனுப்புவது நாங்கள். எங்களிடம் வருகிறீர்கள் என்றால் அனுப்புவது உங்கள் பழைய ஆட்கள்.

மெயில் வந்துச்சுங்க. நான் கேட்காத மாத்தம், கண்டுக்காம விட்டுட்டேன். தானா நின்னுரும்ல?

நிற்காது. இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் போதும்.

பேங்க் ஓடிபி பழக்கத்தில் எல்லோரும் ஒன்றை நம்புகிறோம்: பதில் சொல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று. டொமைன் மாற்றத்தில் அது தலைகீழ். மூலப் பதிவேட்டிலிருந்து தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் பழைய நிறுவனம் உங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். ஐந்து நாட்களுக்குள் நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும், டொமைன் போய்விடும். நீங்கள் பதில் தரவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பழைய நிறுவனம் மாற்றத்தை மறுக்கவும் கூடாது.

இப்படி விதி வைத்ததற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளரை விட மனமில்லாத நிறுவனம், கடிதத்தை ஒழுங்காக அனுப்பாமலேயே 'பதில் வரவில்லை' என்று சொல்லி இழுத்தடிக்கலாம். அதைத் தடுக்கத்தான் மௌனத்தைச் சம்மதமாக்கினார்கள். நியாயம்தான். ஆனால் மெயிலே பார்க்காதவருக்கு அதே விதி பாதகமாகத் திரும்பும். அதனால், நீங்கள் கேட்காத மாற்றம் என்றால் உடனே 'நிறுத்து' பொத்தானை அமுக்குங்கள். அமுக்கத் தெரியாவிட்டால் போன் செய்யுங்கள்.

அப்ப நானே கேட்ட மாத்தம்னா, ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதுங்களா?

போதும். ஐந்து நாள் ஆகும். அவசரம் என்றால் 'சரி' என்று அமுக்குங்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

அந்த மெயில் பூராவும் இங்கிலீஷ்ல இருக்குது. தமிழ்ல அனுப்பினா என்னங்க?

அனுப்புகிறோம். ஆனால் ஆங்கிலத்தை எடுத்துவிட எங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கடிதத்தின் வாசகம் ஐகான் வகுத்தது, அது ஆங்கிலத்தில் இருந்தே ஆக வேண்டும், தகராறு வந்தாலும் விசாரணை ஆங்கிலத்தில்தான். கூடுதலாக வேறு மொழியிலும் எழுதலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது, ஒரு நிபந்தனையோடு: மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் பொறுப்பு அனுப்பியவருக்கு. அதனால் நாங்கள் வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், ஆங்கிலக் கடிதத்துக்கு மேலே நான்கு வரித் தமிழ் வைக்கிறோம். எந்த டொமைன், எந்த நிறுவனத்துக்குப் போகிறது, எந்தத் தேதி வரை தடுக்கலாம், தடுக்காவிட்டால் என்ன ஆகும். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடுகிறோம்.

தலைப்பு வரியும் தமிழில்தான், முதலில் உங்கள் டொமைன் பெயரோடு தொடங்கும். 'ட்ரான்ஸ்ஃபர் ரிக்வெஸ்ட்' என்று தொடங்கும் மெயிலைப் பார்த்தால் நம்மவர்கள் பேங்க் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். தன் கம்பெனிப் பெயரைப் பார்த்தால் யாரும் தள்ளுவதில்லை.

லிங்கைத் தொட்டா பத்தாதுங்களா? உள்ள போயி மறுபடி ஒரு பட்டனை எதுக்கு அமுக்கோணும்?

இதைச் சுருக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுருக்க மாட்டோம். பல கம்பெனிகளின் மெயில் சர்வரில் பாதுகாப்பு மென்பொருள் ஓடுகிறது. உள்ளே வரும் மெயிலில் இருக்கும் லிங்க்குகளை, நச்சு இருக்கிறதா என்று பார்க்க, அதுவே திறந்து பார்க்கும். லிங்கைத் தொட்டதையே சம்மதம் என்று வைத்தால், நீங்கள் மெயிலைத் திறக்கும் முன்பே அந்த மென்பொருள் உங்கள் டொமைனை அனுப்பி வைத்திருக்கும். அதனால் லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கும், மனிதர் ஒருவர் அமுக்கினால்தான் காரியம் நடக்கும்.

அந்தப் பக்கத்தில் இரண்டே பொத்தான்கள். 'நான்தான் கேட்டேன், உடனே போகட்டும்.' 'நான் கேட்கவில்லை, நிறுத்துங்கள்.' இரண்டும் ஒரே அளவு. போகிறவரைப் பிடித்து வைக்க 'நிறுத்து' பொத்தானைப் பெரிதாகவும் பச்சையாகவும் போட்டு, 'போகட்டும்' என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கும் தந்திரம் இந்தத் தொழிலில் உண்டு. அதெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

வாட்ஸ்அப்ல 'ஓகே'ன்னு போட்டா எடுத்துக்க மாட்டீங்களா?

மாட்டோம். ஆனால் மெயில் அனுப்பிய உடனே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வரும்: 'இன்ன டொமைனுக்கு மெயில் அனுப்பியிருக்கிறோம், பாருங்கள்.' அதில் லிங்க் இருக்காது. எங்கள் பெயரில் லிங்கோடு வாட்ஸ்அப் வந்தால் அது எங்களுடையது இல்லை. மூன்றாம் நாளும் பதில் இல்லை என்றால் போன் செய்வோம்.

வாட்ஸ்அப் ஓகேயை ஏற்காததற்குக் காரணம், அந்த நம்பர் யார் கையில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. பையர்களோடு பேச மெர்ச்சண்டைசரிடம் கம்பெனி நம்பரைக் கொடுத்து வைத்திருப்பார்கள். அவர் வேறு கம்பெனிக்குப் போகும்போது நம்பரும் கூடவே போன கதை திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதிவில் இருக்கும் மெயில் முகவரிக்கு அனுப்பியதற்குச் சாட்சி இருக்கும். நாளைக்குத் தகராறு என்று வந்தால் அதுதான் செல்லும்.

மெயிலே வரலீங்க.

முதலில் ஸ்பேம், அப்புறம் ஜிமெயிலின் புரமோஷன்ஸ் பகுதி. இரண்டிலும் இல்லை என்றால் பதிவில் எந்த முகவரி இருக்கிறது என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் அவிழும்.

அதிகம் பார்ப்பது இது: டொமைனின் பெயரிலேயே இருக்கும் மெயில் முகவரியை, அந்த டொமைனின் பதிவிலும் கொடுத்திருப்பார்கள். வெப்சைட் ஓடுகிற வரை குறை தெரியாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயில் பெட்டியும் படுத்துவிடும், காலாவதி அறிவிப்பும் உறுதிப்படுத்தல் கடிதமும் அதே படுத்த பெட்டிக்குப் போகும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். பதிவில் ஜிமெயில் போன்ற வேறொரு முகவரி இருக்கட்டும், அது முதலாளி தினமும் திறக்கும் பெட்டியாக இருக்கட்டும்.

எங்களிடம் மாற்றம் கேட்கும் எவருக்கும், வேலையைத் தொடங்கும் முன் அந்த முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, போனில் இருந்தபடியே வந்ததா என்று கேட்டுக்கொள்கிறோம். பொத்தானை அழகாக்குவதைவிட இதில்தான் பலன் அதிகம். கடிதம் எவ்வளவு எளிதாக இருந்தாலும், வேறொருவர் பெட்டியில் விழுந்தால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

வெப்சைட் பண்ணிக் குடுத்த தம்பியோட மெயில்ல தாங்க பதிவு இருக்குது. அவரு இப்ப பெங்களூர் போயிட்டாரு.

கொங்கு நாட்டில் பாதிக் கம்பெனிகளின் நிலைமை இதுதான் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இந்தக் கேள்வி வருகிறது. இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வைத்தியம் வேறு.

தம்பியின் மெயில் பெட்டி செத்துவிட்டது, ஆனால் பழைய நிறுவனத்தின் கண்ட்ரோல் பேனலுக்குள் நுழைய உங்களிடம் லாகின் இருக்கிறது. இது பெரிய சிக்கலே இல்லை. பேனலிலேயே பூட்டைத் திறந்து கோடை எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். உறுதிப்படுத்தல் கடிதம் செத்த பெட்டிக்குப் போகும், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஐந்து நாளில் மாற்றம் முடியும். மேலே சொன்ன அதே மௌன விதி இங்கே உங்களுக்குச் சாதகம். புது இடத்தில் சரியான முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி உயிரோடு இருக்கிறது, தம்பியிடம் மனஸ்தாபம். இதுதான் கஷ்டம். அவர் 'நிறுத்து' என்று அமுக்கலாம். பதிவில் உரிமையாளர் பெயராக அவர் பெயரே இருந்தால் விதிப்படி டொமைன் அவருடையது. காசு யார் கட்டினார்கள் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. உங்கள் நிறுவனப் பெயர் பதிவில் இருந்தால் நீங்கள் பேச இடம் உண்டு. பில், ஜிஎஸ்டி சான்று, கம்பெனி லெட்டர்பேடு எல்லாம் எடுத்துக்கொண்டு பழைய நிறுவனத்திடம் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அவசரப்பட்டு முதலில் மெயில் முகவரியைத் திருத்திவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று கிளம்பாதீர்கள். 2016 டிசம்பர் 1 முதல் இருக்கும் விதிப்படி, உரிமையாளரின் பெயரையோ நிறுவனத்தையோ மெயிலையோ மாற்றினால், டொமைன் 60 நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போக முடியாமல் பூட்டப்படும். சில நிறுவனங்கள் இந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புத் தரும். அதைத் திருத்தம் செய்யும் முன்பே சொல்ல வேண்டும், செய்த பிறகு சொன்னால் நடக்காது. புதிதாகப் பதிவு செய்த பெயருக்கும், ஏற்கெனவே ஒருமுறை மாறிய பெயருக்கும் இதே 60 நாள் கணக்குண்டு.

பழைய ஆளு, வெப்சைட் டிசைன் பாக்கியைக் குடுத்தாத்தான் கோடு தருவேங்கறாரு.

டிசைன் பாக்கி வேறு, டொமைன் வேறு. பணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆத் கோடைத் தராமல் இருக்கக் கூடாது என்று ஐகான் விதி சொல்கிறது. கேட்ட ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். டொமைனுக்கான வருடக் கட்டணமே பாக்கி என்றால் மாற்றத்தை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு, அதைக் கட்டிவிடுங்கள்.

'நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வா' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். முகவரி மாற்றவும் நேம்சர்வர் (டொமைனைத் தேடி வருபவர்களுக்கு வழி சொல்லும் கணினி) மாற்றவும் சாதாரண லாகின் போதும் என்றால், பூட்டைத் திறக்கவும் கோடு தரவும் அதைவிடக் கடினமான வழி வைக்கக் கூடாது என்பதும் விதிதான். உங்கள் டிசைனர் ரீசெல்லராக இருப்பார். அவருக்கு மேலே இருக்கும் பதிவு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். ஐகானின் லுக்அப் பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டால் அந்த நிறுவனம் எது என்று தெரியும். அங்கும் வழி பிறக்கவில்லை என்றால் ஐகானிடமே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.

டிசைன் பாக்கி நியாயமானது என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள். உழைத்த காசு.

கோடைக் குடுத்தோம், தப்புன்னு வருது.

போட்டோ எடுத்து அனுப்பியிருப்பீர்கள். பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் போட்டோவில் வித்தியாசம் தெரியாது. எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள், முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டாமல்.

நெசமான மெயில் எது, டூப்ளிகேட் எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

உண்மையான கடிதம் காசு கேட்காது, ஆத் கோடு கேட்காது, ஓடிபி கேட்காது. போகட்டுமா, நிறுத்தட்டுமா என்று மட்டும் கேட்கும். சந்தேகம் என்றால் மெயிலில் இருக்கும் லிங்கைத் தொடாமல், ஐகான் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே மாற்றம் நடந்துகொண்டிருந்தால் நிலை என்ற இடத்தில் 'பெண்டிங் ட்ரான்ஸ்ஃபர்' என்று இருக்கும். 'கிளையண்ட் ட்ரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்று இருந்தால் பூட்டு போட்டபடியே இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு வேறொரு வகை வரும். உங்கள் கம்பெனிப் பெயரை டாட் சிஎன், டாட் ஏசியாவில் பதிவு செய்ய வேறொருவர் விண்ணப்பித்திருக்கிறார், நீங்கள் எதிர்க்கிறீர்களா, இல்லை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். அப்படி ஒரு விண்ணப்பதாரரே இருக்க மாட்டார். பயமுறுத்திப் பெயரை விற்கும் பழைய வித்தை அது. குப்பையில் போடுங்கள்.

அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாச்சு. டொமைன் எங்க ஐயன் பேர்ல இருக்குது, அவரு தவறிட்டாரு. யாரு 'சரி' சொல்லோணும்?

இங்கே பொத்தான் எதுவும் உதவாது. இறந்தவரின் மெயில் பாஸ்வேர்டு மகனுக்குத் தெரியும் என்பதால் அவர் அமுக்கிவிடலாம், இயந்திரமும் ஏற்கும். மறுநாள் இன்னொரு மகன் வந்து நிற்பார். அதனால் இப்படிப்பட்ட இடத்தில் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்கிறோம். மேலே சொன்ன 60 நாள் பூட்டு விழுந்தாலும் பரவாயில்லை, இங்கே முதலில் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கம்பெனிப் பெயர் யாருக்கு என்று எழுதியிருக்கும் பக்கம் இவற்றைக் கேட்போம். பத்திரத்தில் மில், தோட்டம், கிணற்றுப் பங்கு, தண்ணீர் முறை எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருப்பார்கள். டொமைன் இருக்காது. இல்லை என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் தேவை. உரிமையாளர் யார் என்பதிலேயே நியாயமான சந்தேகம் இருந்தால் மாற்றத்தை மறுக்க விதி இடம் தருகிறது. நாங்களும் மறுப்போம்.

இனிப் புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் நிறுவனப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கூட்டு வியாபாரம் என்றால் தனி ஆள் பெயரைவிட அதுவே பாதுகாப்பு.

மாத்தறப்போ வெப்சைட், மெயில் நின்னுருங்களா? ஷிப்மெண்ட் டைம்ங்க.

மாற்றம் நேம்சர்வரைத் தொடாது, அதனால் தானாக நிற்காது. ஆனால் டிஎன்எஸ் (வெப்சைட்டும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல்) பழைய நிறுவனத்தின் இலவசச் சேவையில் இருந்தால், நீங்கள் போன பிறகு அவர்கள் அதைத் துடைத்துவிடலாம். முன்கூட்டியே எல்லாப் பதிவுகளையும் புது இடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். வெப்சைட்டுக்கு வழி சொல்லும் ஏ ரெக்கார்டை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். உள்ளே வரும் மெயிலுக்கு வழி சொல்லும் எம்எக்ஸையும், உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் இருக்கும் டிஎக்ஸ்டி வரியையும் மறந்துவிடுவார்கள். வெப்சைட் ஓடும், பையருக்குப் போகிற மெயில் மட்டும் ஸ்பேமில் விழும், ஏன் என்று ஒரு வாரம் தெரியாது. டிஎன்எஸ்செக் (அந்தப் பட்டியலுக்கான பாதுகாப்பு முத்திரை) போட்டிருந்தால், நேம்சர்வரை மாற்றும் முன் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

கப்பல் தேதி நெருங்கியிருந்தால் சரக்கு கிளம்பிய பிறகு மாற்றிக்கொள்வோம். அவசரம் ஒன்றும் இல்லையே.

தீபாவளிக்குக் கம்பெனி பூட்டியிருக்கறப்ப மெயில் வந்தா?

ஐந்து நாள் என்பது காலண்டர் நாள். ஞாயிறும் சேர்த்தி, நோன்பியும் சேர்த்தி. போனஸ் போட்டு, ஆட்கள் ஊருக்குப் போய், கம்பெனி ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால், திறக்கும்போது காலம் கடந்திருக்கும். பொங்கலும் அப்படியே. மாட்டுப்பொங்கல், பூப்பறிக்கிற நாள் என்று நீளும்போது மெயில் யார் பார்க்கிறார்கள்? லீவுக்கு முன்னால் பூட்டு போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூட்டு இருந்தால் மாற்றமே தொடங்காது.

டாட் இன்னுக்கும் இதே கதைதானுங்களா?

கோடும் பூட்டும் அங்கும் உண்டு. ஆனால் டாட் இன் பதிவேடு நிக்ஸி என்ற இந்திய அமைப்பின் கையில் இருக்கிறது. அது நாட்டுக்குரிய முகவரி, ஐகானின் மாற்ற விதிகள் அங்கே நேரடியாகச் செல்லாது. மேலே சொன்ன நாள் கணக்குகளை அப்படியே டாட் இன்னுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாந்துட்டோம், டொமைன் போயிருச்சு. திரும்ப வருங்களா?

வர வாய்ப்புண்டு, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பதிவு நிறுவனங்கள் ஒன்றையொன்று அவசரத்துக்கு அழைக்கத் தனித் தொடர்பு வைத்திருக்கின்றன, அந்த அழைப்புக்கு நான்கு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வழியை நீங்கள் நேரடியாகப் பயன்படுத்த முடியாது, உங்கள் பழைய பதிவு நிறுவனம்தான் பேச வேண்டும். பேச்சில் தீராவிட்டால் மாற்றத் தகராறு என்று முறையாகப் புகார் கொடுக்கலாம். அதையும் நிறுவனம்தான் கொடுக்க முடியும், மாற்றம் நடந்து 12 மாதத்துக்குள். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணமும் போயிருந்தால் 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

மாத்தறதுக்குக் காசு கட்டறோம். பழைய இடத்துல கட்டின வருசம் வீணாப் போயிருமா?

போகாது. மீதிக் காலத்தோடு ஒரு வருடம் கூடும். மொத்தம் பத்து வருடத்தைத் தாண்ட முடியாது. காலாவதியாகிப் பழைய இடத்தில் புதுப்பித்த கையோடு, 45 நாளைக்குள் மாற்றினால் மட்டும் அந்தப் புதுப்பித்த வருடம் சேராமல் போகலாம். கொஞ்சம் பொறுத்து மாற்றுங்கள்.

எல்லாம் முடிஞ்சுதுன்னீங்க. இப்ப புது எடத்துல இருந்து இன்னொரு மெயில் வந்திருக்குது, அதையும் விட்டுரலாமா?

அதை விடக் கூடாது. இது வேறு கடிதம். உங்கள் மெயில் முகவரி உயிரோடு இருக்கிறதா என்று புது நிறுவனம் சரிபார்க்கிறது. இதற்கு 15 நாள் கெடு. இங்கே பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், டொமைனை நிறுத்தி வைத்துவிடலாம், வெப்சைட்டும் மெயிலும் ஒரே நேரத்தில் போகும். அந்த லிங்கைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள். பிறகு பேனலுக்குள் போய் மாற்றப் பூட்டை மறுபடி போடுங்கள். வரும்போது திறந்த பூட்டு பல இடங்களில் திறந்தபடியே கிடக்கிறது.